கடிதத்தைத் திறந்து பாருங்கள்

ஜேர்மனியின் கொலோனில் உள்ள தமிழ் வீடுகளில் ஒரே மிரட்டல் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கும். “சொல் கேட்காட்டி யூகெண்ட்ஆம்ட்டில கொண்டுபோய் விட்டிடுவன்” என்பார் அம்மா. “அடிச்சா யூகெண்ட்ஆம்ட்டுக்குச் சொல்லுவன்” என்று பிள்ளை திருப்பிச் சொல்லும். சிறுவர், இளையோர், குடும்பங்களின் நலனுக்காக நகரசபை நடத்தும் ஓர் அலுவலகம் இப்படித்தான் எங்கள் வீடுகளுக்குள் பூச்சாண்டியாகப் புகுந்துகொண்டது.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 2021இல் பெர்லினில் ஒரு குஜராத்தித் தம்பதியின் கைக்குழந்தையை அதிகாரிகள் பொறுப்பில் எடுத்தார்கள். 2023 ஜூனில் நீதிமன்றமும் குழந்தையைப் பெற்றோரிடம் ஒப்படைக்க மறுத்துவிட்டது. அதே ஆண்டு ‘மிஸஸ் சட்டர்ஜி வெர்சஸ் நார்வே’ படமும் வந்தது. “பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்” என்ற பேச்சு உறுதிப்பட இவை போதுமாக இருந்தன. என் கவலை வேறு. இந்தப் பயத்தால்தான் உதவி இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் கதவை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நிலைமை முற்றியபின் நீதிமன்ற வாசலில் போய் நிற்கிறோம்.

கணக்கைப் பார்ப்போம். 2023இல் ஜேர்மனி முழுவதும் பிள்ளைக்கு ஆபத்து இருக்கலாம் என்று யூகெண்ட்ஆம்ட்டுகள் ஆராய்ந்த சம்பவங்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 11 ஆயிரம். அவற்றில் ஆபத்து உறுதியானவை சுமார் 63,700. அதாவது பத்தில் ஏழு விசாரணைகள் அந்த முடிவுக்கே போகவில்லை. அதே ஆண்டு தற்காலிகப் பொறுப்பில் எடுக்கப்பட்ட பிள்ளைகள் சுமார் 74,600 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெற்றோர் துணையின்றித் தனியாக நாட்டுக்குள் வந்த அகதிச் சிறுவர்கள். ஆகவே பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தகவல் போய்விட்டது என்பதற்காகப் பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது என்று பொருளல்ல.

ஆனால் ஒன்றைப் பூசி மெழுகாமல் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் இந்த நாட்டில் வன்முறையின்றி வளர்க்கப்படுவது பிள்ளையின் சட்டபூர்வ உரிமை. கையால் அடிப்பது மட்டுமல்ல, மனம் நோகும்படி அவமானப்படுத்துவதும் வன்முறையில் அடங்கும். “நாங்களும் அடிவாங்கித்தானே வளர்ந்தோம்” என்பது எந்த அதிகாரியின் முன்னாலும் எடுபடாது; எடுபடவும் கூடாது. இலங்கைப் போரில் எல்லாவற்றையும் இழந்து வந்து, இரவு பகலாக உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் உழைத்துக் களைத்த ஒரு தலைமுறையின் கோபம் பிள்ளைகளின் முதுகில் இறங்கியதை நாம் எல்லோரும் அறிவோம். அந்தக் களைப்புக்கு உதவி கேட்கலாம். பிள்ளையை அடிக்க அது நியாயம் ஆகாது.

உதவி எப்படி இருக்கும்? கொலோன் நகரின் ஒன்பது பிரிவுகளிலும் யூகெண்ட்ஆம்ட்டின் கிளை உண்டு. எந்தக் கிளைக்குப் போவது என்று தெரியாவிட்டால் 115 என்ற அரச சேவை எண்ணில் கேட்கலாம். அங்கே பெற்றோரே விண்ணப்பித்துப் பெறக்கூடிய சேவைகளில் குடும்ப உதவியாளர் முக்கியமானவர். பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் குறித்த நேரங்களில் வீட்டுக்கு வருவார். இதற்குப் பெற்றோர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. அவர் அலுமாரியைத் திறந்து சோதனை போட வருபவரல்ல. பல வீடுகளில் முதல் வேலையே, பயத்தில் பிரிக்காமல் பிளாஸ்டிக் பையில் சேர்த்து வைத்த கடிதங்களை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான்: வாடகைப் பாக்கி ஒரு பக்கம், மின்சாரக் கட்டணம் ஒரு பக்கம், பள்ளிக்கூடக் கடிதம் ஒரு பக்கம். துளையிட்டுக் கோப்பில் போட்டு, கெடு முடியப்போகும் கடிதத்துக்கு அன்றைக்கே பதில் எழுதவைப்பார். பிள்ளை ஏன் காலையில் எழும்ப மறுக்கிறது என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

சந்திப்புக்குப் போகும்போது நம் கையில் இருக்கும் உரிமைகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பிள்ளையை வளர்ப்பது முதலில் பெற்றோரின் உரிமையும் கடமையும் என்று ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்கிறது; அரசு அதைக் கண்காணிக்கும். 2021இல் திருத்தப்பட்ட இளையோர் நலச் சட்டத்தின்படி உங்களுக்குப் புரியும் விதத்தில் ஆலோசனை தரப்பட வேண்டும். உங்கள் நம்பிக்கைக்குரிய ஒருவரைக் கூட அழைத்துப் போகலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தயவுசெய்து பத்து வயது மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன் வீட்டுச் சண்டையைத் தன் வாயாலேயே அதிகாரிக்குச் சொல்லும் சுமை அவனுக்கு வேண்டாம்; அவன் எதை விழுங்கிவிட்டு எதைச் சொன்னான் என்று உங்களுக்கும் தெரியாது. உதவித் திட்டத்தை எழுதும்போது பெற்றோரும் பிள்ளையும் கலந்துகொள்ள வேண்டும். எந்த அமைப்பின் பணியாளர் வர வேண்டும் என்பதில் உங்கள் விருப்பத்தைச் சொல்லலாம். விளங்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க நேரம் கேளுங்கள். அலுவலகம் நியாயமாக நடக்கவில்லை என்று பட்டால், வூப்பெர்டாலில் இயங்கும் ‘ஒம்புட்ஷாஃப்ட் யூகெண்ட்ஹில்ஃபே’ என்ற சுயாதீன அமைப்பு கொலோன் உள்ள மாநிலத்துக் குடும்பங்களின் முறைப்பாடுகளைக் கேட்கிறது.

அலுவலகத்துக்கு வெளியிலும் நகரில் பல கைகள் உண்டு. ரைன் ஆற்றின் கிழக்கே ஹோஹென்பெர்க், விங்ஸ்ட் பகுதிகளில் கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து திருச்சபைகள் சேர்ந்து 1994 முதல் ‘ஹோவி லாண்ட்’ என்ற கோடை விடுமுறை முகாமை நடத்துகின்றன. ஊருக்குப் போகக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஆடிப் பாடலாம். வீட்டில் வன்முறை இருந்தால் ‘கிண்டர்ஷுட்ஸ்புண்ட்’ அமைப்பின் கொலோன் கிளை ஆலோசனை தருகிறது. புலம்பெயர்ந்த பெண்களுக்காகவே 1993 முதல் ‘அகிஸ்ரா’ இங்கே இயங்குகிறது. கணவர் அடித்தால் பொலிஸ் அவரைப் பத்து நாளுக்கு வீட்டைவிட்டு வெளியேற்ற முடியும். தாயும் பிள்ளைகளும் வீட்டிலேயே இருக்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் ‘கொல்ன்பாஸ்’ என்ற சலுகை அட்டை உண்டு. வாடகை உதவியோ பிள்ளைக்கான மேலதிகக் கொடுப்பனவோ பெறுகிறவர்கள், பிள்ளையின் உதைபந்தாட்டக் கழகத்துக்கோ இசை வகுப்புக்கோ மாதம் 15 யூரோ கேட்டு வாங்கலாம். கேட்காதவர்களுக்கு அது வராது.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் ஆண்டுக்கொரு தடவையாவது யூகெண்ட்ஆம்ட் பணியாளர் ஒருவரை அழைத்துப் பெற்றோருடன் கதைக்கவிட வேண்டும். ஆண்டு விழா மேடைக்குச் செலவிடும் நேரத்தில் ஒரு மணித்தியாலம் இதற்குப் போதும்.

இனி, பிள்ளையைப் பொறுப்பில் எடுத்தேவிட்டால்? அலுவலகம் உடனே பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். “எனக்குச் சம்மதமில்லை” என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால், பிள்ளையைத் திருப்பித் தர வேண்டும், அல்லது தாமதமின்றிக் குடும்ப நீதிமன்றத்தின் முடிவைப் பெற வேண்டும். அந்தச் சம்மதமின்மையை எழுத்திலும் கொடுங்கள். அன்றைக்கே குடும்பச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியைத் தேடுங்கள். பணமில்லாவிட்டால் வழக்குச் செலவுக்கு நீதிமன்ற உதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். நீதிமன்றம் பெற்றோரை விசாரிக்கும். பிள்ளையின் பக்கம் பேசத் தனியாக ஒருவரை நியமிக்கும். வாய்மொழி விசாரணைக்குப் பின் வந்த தற்காலிக உத்தரவென்றால் இரண்டு வாரத்துக்குள், இறுதித் தீர்ப்பென்றால் ஒரு மாதத்துக்குள், கொலோன் மேல் மாநில நீதிமன்றம் விசாரிக்கும்படி மேல்முறையீடு செய்ய வேண்டும். உறவினர்களைக் கூட்டி ஆலோசிப்பதிலேயே இந்தக் கெடு கழிந்துவிடும். இடைப்பட்ட நாட்களில் பிள்ளையைப் பார்க்கக் கொடுத்த நேரம் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

இதை ஒரு பிள்ளை வாசித்தால் அதற்கும் சொல்ல இருக்கிறது. யூகெண்ட்ஆம்ட்டில் ஆலோசனை கேட்க அப்பா அம்மாவின் அனுமதி தேவையில்லை. அதற்கு முன் யாருடனாவது கதைத்துப் பார்க்க விரும்பினால் 116 111 என்ற எண்ணை அழைக்கலாம். பெயர் கேட்க மாட்டார்கள், காசும் இல்லை. திங்கள் முதல் சனி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 8 மணி வரை ஆள் இருக்கும். பெற்றோருக்கு இலவச எண் 0800 111 0550.