தண்டவாளம் போகும் ஊர்கள் – 11: ஸ்கார்பரோவுக்கு எந்த ரயில்?

1954-ல் யாங் தெருவுக்கு அடியில் ஓடத் தொடங்கிய டொரான்டோவின் முதல் சுரங்க ரயிலைப் போன வாரம் பார்த்தோம். ஊருக்கு நடுவே ரயில் விடுவதில் பெரிய தகராறு வராது. ஏறப்போகிற கூட்டம் கண்ணெதிரே நிற்கிறது. அந்த ரயிலைப் புறநகருக்கு நீட்டலாமா என்று கேட்கும்போதுதான் சண்டை ஆரம்பிக்கும். டொரான்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் அந்தச் சண்டை பத்தாண்டுக்கு மேல் நடந்தது.

ஆறு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் ஸ்கார்பரோ, ஈழத்திலிருந்து போரால் துரத்தப்பட்டுக் கனடா போன தமிழர்களில் பலர் குடியேறிய இடம். 1998 வரை தனி நகராட்சி. அந்த ஆண்டில் டொரான்டோ மாநகராட்சியோடு சேர்த்தார்கள். வரி ஒரே கஜானாவுக்குப் போகிறது, வசதி மட்டும் நகர மையத்தோடு நின்றுவிடுகிறது என்ற மனக்குறை இங்கே பழையது.

கிழக்கு மேற்காக ஓடும் சுரங்க ரயில் 1980-ல் கென்னடி நிலையம் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு அப்பால் 1985-ல் ஓடத் தொடங்கியது வேறொரு ரயில். பெயர் ஸ்கார்பரோ ஆர்.டி., நீளம் 6.4 கிலோமீட்டர், நிலையங்கள் ஆறு. முதலில் டிராம் விடுவதாகத்தான் திட்டம். ஒன்டாரியோ மாகாண அரசின் சொந்த நிறுவனம் புதுவகை ரயில் ஒன்றை வடிவமைத்திருந்தது. அதை உலகத்துக்கு விற்க ஒரு காட்சிப் பொருள் தேவைப்பட்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே திட்டத்தை மாற்றி, அந்த ரயிலை ஸ்கார்பரோ தலையில் கட்டினார்கள்.

அதன் தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பின்னால் வரும் விபத்துக்கு இதுதான் காரணம். சாதாரண ரயிலில் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். இதில் மோட்டார் பெட்டியின் அடியில் தட்டையாகத் தொங்கும். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே நீளமாக ஓர் உலோகப் பட்டை பதித்திருப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல், காந்த விசையால் வண்டி நகரும். இடைவெளி ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான். கனடாவின் பனிக்காலத்தில் அந்த இடத்தில் பனி அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ரயில் நிற்கும். பனிப்புயல் என்றால் பேருந்துதான்.

வண்டி ஓடிய நாட்களிலும் கென்னடியில் இறங்கியாக வேண்டும். ஆர்.டி. நடைமேடை நிலையத்தின் உச்சியில், பேருந்துகள் தரை மட்டத்தில், சுரங்க ரயில் பூமிக்கு அடியில். காலை அவசரத்தில் அத்தனை கூட்டமும் உச்சியிலிருந்து அடிமட்டத்துக்கு இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். மாலையில் அதே ஏற்றம். கைக்குழந்தையோடும் கைத்தடியோடும் வருகிறவர்களுக்கு இது தினசரி தண்டனை. நிபுணர்களின் அறிக்கைகள் இதைச் சில நிமிடத் தாமதம் என்று கணக்கெழுதின. ஸ்கார்பரோக்காரர்களுக்கு இது மரியாதைப் பிரச்சினை.

2007-ல் மேயர் டேவிட் மில்லர் நகரெங்கும் லைட் ரயில் விடும் திட்டத்தை அறிவித்தார். நவீன டிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய ஆர்.டி. பாதையையே செப்பனிட்டு வடகிழக்கே நீட்டுவதும் அதில் ஒன்று. பல மாறுதல்களுக்குப் பிறகு 2012 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏழு நிறுத்தங்கள், சென்டெனியல் கல்லூரி வாசல் வழியாக ஷெப்பர்ட் அவென்யூ வரை. கட்டுமானச் செலவை மாகாணம் ஏற்கும், நகரம் கடன் வாங்க வேண்டாம். தமிழர்கள் கணிசமாக வாழும் மால்வர்னுக்குப் பிற்பாடு நீட்டவும் வழி இருந்தது.

ஓராண்டு தாங்கவில்லை. 2010-ல் மேயரான ராப் ஃபோர்டு பதவியேற்ற முதல் நாளே மில்லரின் திட்டம் செத்தது என்று அறிவித்தவர். தெருவில் தண்டவாளம் போட்டால் காருக்கு இடமேது என்பது அவர் கட்சி. சுரங்க ரயில்தான் வேண்டும், ஸ்கார்பரோவுக்கு அது உரிமை என்ற முழக்கம் ஊரைப் பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் எல்லாப் பந்திக்கும் சாப்பாடு ஒன்றுதான்; ஆனால் யாரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள் என்பதை உறவினர்கள் ஆயுசுக்கும் மறப்பதில்லை. லைட் ரயில் இரண்டாம் பந்தி ஆகிவிட்டது. 2013 ஆகஸ்டில் நடந்த மாகாண இடைத்தேர்தலில், லைட் ரயிலுக்குப் பணம் தருவதாகச் சொன்ன அதே லிபரல் கட்சியின் வேட்பாளர் மிட்ஸி ஹன்டர், சுரங்க ரயிலுக்காகப் போராடுபவர் என்று சொல்லி வாக்குக் கேட்டு வென்றார்! அடுத்த மாதம் மத்திய அரசு 66 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. அக்டோபரில் மாநகர மன்றம் 24க்கு 20 என்ற கணக்கில் மூன்று நிறுத்தச் சுரங்க ரயிலைத் தேர்ந்தெடுத்தது. அதற்காகச் சொத்து வரியில் 1.6 சதவீதம் கூடுதல் சுமை.

பிறகு வந்த மேயர் ஜான் டோரி 2016-ல் மூன்று நிறுத்தத்தை ஒன்றாக்கினார். மிச்சமாகும் பணத்தில் வேறு பாதை போடலாம் என்றார். ஆறு கிலோமீட்டர் சுரங்கம், நடுவே ஒரு நிலையம்கூட இல்லை. உச்ச நேரத்தில் மணிக்கு 7,300 பேர் ஏறுவார்கள் என்பது மாநகராட்சியின் மதிப்பீடு. சுரங்க ரயில் அதைப் போல மூன்று நான்கு மடங்கைத் தாங்கும். செலவோ 2017-ல் 335 கோடி டாலரானது. மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு காற்றோடு போயிற்று. 2019-ல் ஒன்டாரியோவின் முதல்வர், ராப் ஃபோர்டின் அண்ணன் டக் ஃபோர்டு, திட்டத்தை மாகாணத்தின் கைக்கு எடுத்துக்கொண்டு மறுபடி மூன்று நிறுத்தம் என்றார். அப்போதைய மதிப்பீடு 550 கோடி டாலர், 7.8 கிலோமீட்டர்.

சுரங்க ரயில் கேட்டவர்கள் மூடர்கள் என்று டொரான்டோ மையத்துப் பத்திரிகைகளில் எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கால் நூற்றாண்டுக்கு மேல் பரிசோதனை ரயிலில் போய், பனியில் நின்று, கென்னடியில் மாடி இறங்கியவர்களிடம் இன்னொரு மாறுதல் உள்ள ரயிலைக் கொண்டுபோனால் யாருக்கும் சந்தேகம் வரும். கென்னடியில் மாறுவதை எளிதாக்கும் வேலையும் லைட் ரயில் திட்டத்தில் இருந்தது. அதை மக்களிடம் யாரும் உரக்கச் சொல்லவில்லை. இன்னொன்று, லைட் ரயிலும் சொன்ன நாளில் வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2011-ல் தொடங்கி 2020-ல் முடிய வேண்டிய எக்ளின்டன் லைட் ரயில் பல ஆண்டுகள் இழுத்தடித்தது.

ஆனாலும் என் தீர்ப்பு லைட் ரயில் பக்கமே. ஏழு இடத்தில் நிற்கும் ரயில் ஏழு வட்டாரத்துக்குப் பயன்படும். ஸ்கார்பரோவில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடந்து வருவதில்லை, பேருந்தில் வருகிறார்கள். மூன்றே நிறுத்தம் என்றால் அந்தப் பேருந்துப் பயணம் நீளும். சென்டெனியல் கல்லூரி மாணவருக்கு இப்போதைய பாதையில் நிலையம் இல்லை. ஷெப்பர்டும் மெக்கோவனும் சந்திக்கும் இடத்தோடு பாதை முடிகிறது. மால்வர்ன் அதற்கும் அப்பால். ஸ்கார்பரோவின் உரிமை என்று முழங்கியவர்கள் யாரும் மால்வர்னின் உரிமை பற்றிப் பேசவில்லை.

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்க, பழைய ரயிலுக்கு வயது ஏறியது. பெட்டிகள் தம் ஆயுளைத் தாண்டி ஓடின. 2023 நவம்பரில் நிறுத்திவிடலாம் என்று நாள் குறித்தார்கள். அதற்குள் ஜூலை 24 மாலை எல்ஸ்மியர் நிலையத்துக்குத் தெற்கே கடைசிப் பெட்டி தடம்புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். நடுவில் பதித்த அந்த உலோகப் பட்டையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, பட்டை மேலே எழும்பி, பெட்டிக்கு அடியில் இருந்த மோட்டாரில் இடித்ததுதான் காரணம். ரயில் அதன்பின் ஓடவே இல்லை. பயணிகளை 903 என்ற எண்ணுள்ள பேருந்துகளில் ஏற்றினார்கள்.

அதே ஆண்டில் மெக்கோவன் சாலைக்கு அடியில் துளையிடும் இயந்திரம் வேலையைத் தொடங்கியது. டிக்கி ஸ்கார்டஸ்ட் என்று அதற்குச் செல்லப் பெயர் வேறு! புதிய ரயில் 2030-களில்தான் ஓடும் என்கிறார்கள். இடையில் பழைய ஆர்.டி. பாதையின் ஒரு பகுதியில் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பேருந்துத் தடம் போட முடிவாயிற்று.

இதே பட்டை, இதே மோட்டார், இதே ஒன்டாரியோ நிறுவனத்தின் ரயிலை 1986-ல் வான்கூவர் நகரமும் ஓடவிட்டது. அங்கே அது புறநகர் புறநகராக நீண்டுகொண்டே போகிறது. எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.