அன்பிலிருந்து பிறந்த சிரத்தை

காரியத்தில் காட்டும் சிரத்தை என்ற பொருளில் ஆங்கிலேயர் வழங்கும் 'டிலிஜென்ஸ்' என்னும் பதம், பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனை மதித்து, அதன்மீது அன்பு கொள்வதைக் குறிக்கும் 'டிலிகெரே' என்ற இலத்தீன் வினையினின்று பிறந்தது என்பது சிந்தைக்கு இனிய செய்தியாகும். பிரஞ்சு பாஷையிலோ அது, கவனத்தினின்று சுறுசுறுப்பையும், சுறுசுறுப்பினின்று வேகத்தையும் குறிக்கத் தொடங்கி, ஈற்றில், சாவடிதோறும் குதிரைகளை மாற்றிப் பூட்டிக்கொண்டு, கூரைமேல் மூட்டை முடிச்சுகளும் உள்ளே பிரயாணிகளுமாக ஊர்விட்டு ஊர் விரைந்த பெரிய கோச்சு வண்டிக்கே நாமமாயிற்று. 1775-ஆம் ஆண்டில் நிதியமைச்சர் துர்கோ அந்த வண்டிப் போக்குவரத்தைச் சீர்திருத்தி இன்னும் துரிதமாக ஓடச் செய்தபோது, ஜனங்கள் புதிய வண்டிகளை அவர் பெயராலேயே 'துர்கோதீன்' என்று அழைத்தனர்.