மார்கழிக் குளிரும் மிதிவண்டிக் காற்றும்



1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். அக்காலத்து மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்குப் பேரூக்கம் அளித்தார். இளம் ஆசிரியனாகிய நானும் அதில் ஒரு தொண்டன்.

ஒரு மார்கழி விடியற்காலையில், கல்லுடைக்கும் தொழில் செய்த ஓர் அம்மையார் மிதித்து மிதித்துச் சோர்ந்து, "எனக்குத் தெம்பு பத்தாதுங்க, வாத்தியாரய்யா" என்று வண்டியை என்னிடமே தந்துவிட்டார். பின்சக்கரத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன், குழைந்திருந்தது. குறை அவருடைய காலில் இல்லை, டயரில் இருந்தது!

காற்று குறைந்தது எவ்வாறு? காரணங்கள் இரண்டு. ரப்பர்க் குழாயின் வழியே காற்று சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டே இருக்கும். அவ்வண்டிக்கோ பல வாரங்களாகக் காற்றடிக்கவில்லை. மற்றொன்று குளிர். அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் அமையும். 40 பாகை சென்டிகிரேடு வெயிலில், அழுத்தமானி சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு காட்டுவதாகக் கொள்வோம். வெளிக்காற்றின் 15 பவுண்டையும் கூட்டினால் மொத்தம் 55. வெப்பம் 20 பாகைக்கு இறங்கினால், தனிவெப்பநிலை 313-லிருந்து 293 ஆகும். மொத்த அழுத்தம் ஏறத்தாழ 51½ ஆகும். மானி காட்டுவது 36½ மட்டுமே. துளி காற்றும் கசியாமலே 3½ பவுண்டு குறைந்துவிட்டது!

காற்று குறைந்த டயர் தரையில் அகலமாகப் படிவதால் மிதிப்பது கடினமாகும். பக்கங்கள் மடிந்து வெடிக்கும். பள்ளத்தில் இறங்கினால் டியூப் விளிம்பில் நசுங்கிக் கிழியும். அளவுக்கு மிஞ்சினாலோ வண்டி துள்ளும்; தரைப்பிடிப்புக் குறையும்.

பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலத்துக்கெனத் தனி டயர்களே உண்டு. ஆயினும் காற்றுக்குரிய விதி அங்கும் இங்கும் ஒன்றே. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் அழுத்தத்தை அளக்க வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எல்லையை மீறலாகாது. வெயிலில் சூடேறிய டயரிலிருந்து காற்றை இறக்கினால், மறுநாள் விடியலில் அது மேலும் தளர்ந்திருக்கும்.

அன்று நான் பம்பு கொண்டு காற்றடித்துக் கொடுத்தேன். அம்மையார் மீண்டும் ஏறினார், வண்டி ஓடியது. அவ்வாரமே அதில் கல்குவாரிக்குச் சென்றார். பள்ளிக்கு மிதிவண்டியில் செல்லும் நீங்களும், உங்கள் வலிமையை ஐயுறுமுன் டயரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.