இணையதளப் பக்கங்களில் நேரும் இடையூறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

பங்காருப்பேட்டையிலிருந்து பிரியும் கிளை இருப்புப்பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் ஆகிய நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின் இவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் ஜீவனம் பெங்களூரைச் சார்ந்ததாயிற்று. விடியுமுன் ரெயிலேறி, ஏறத்தாழ 85 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, வேலை முடிந்தபின் இரவில் வீடு திரும்புவோர் இங்கு ஏராளம்.

இத்தகையோருக்குக் கைபேசியின் திரையே இன்று ரெயில்வே கவுண்டராகவும், பாங்கியாகவும், வருங்கால வைப்பு நிதி அலுவலகமாகவும் விளங்குகிறது. பகலெல்லாம் வேலைத்தலத்தில் இருப்பவர் அலுவலக நேரத்தில் நேரிற் செல்ல இயலாது. எனவே திரையில் தோன்றும் பக்கம் நல்ல முறையில் அமைந்திருந்தால் அவருக்கு ஒரு நாட் கூலி மிஞ்சுகிறது. அமைப்புக் குறையுடையதாயின் அக்கூலி வீணாகிறது. ஆயினும் படிவம் ஏற்கப்படாதபோது, "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று உபயோகிப்பவர் தம்மையே நொந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. இவ்வெண்ணம் பெரும்பாலும் தவறானதாகும். இடையூறுகளில் பல, பக்கத்தை அமைத்தவர் செய்த தேர்வுகளின் விளைவே என்பதையும், அவற்றுக்கு எளிய மாற்றுகள் உள்ளன என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சுரங்கம் அளிக்கும் பாடம்

மனிதனும் இயந்திரமும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் முறை, தங்கவயலுக்குப் புதிய விஷயமன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. தொழிலாளர் ஏறிய கூண்டை இயக்கியவர், தரைமட்டத்தில் இயந்திர அறையில் அமர்ந்திருப்பார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கூண்டு இருக்கும் ஆழத்தைக் காட்டும் கருவியும், கீழிருந்து வரும் மணியோசையுமே அவருக்குத் துணை. எத்தனை மணிக்கு என்ன பொருள் என்பது விதிகளால் வரையறுக்கப்பட்டு, அனைவரும் காணும்படி எழுதி வைக்கப்பட்டது. அடையாளங்களை அவரவர் விருப்பப்படி மாற்ற எவருக்கும் உரிமை இல்லை. மாற்றினால் உயிருக்கு ஆபத்து நேரும்.

நிலையைத் தெளிவாகக் காட்டுதல், ஒரே அடையாளத்தை எங்கும் ஒரே முறையில் வழங்குதல், தவறு நேராவண்ணம் முன்கூட்டியே தடுத்தல் ஆகிய இம்மூன்றும், டென்மார்க்கைச் சேர்ந்த நிபுணர் யாகோப் நீல்சன் 1994-இல் வகுத்த பத்துப் பொது நெறிகளில் இடம்பெற்றுள்ளன. கணிப்பொறித் திரைகளை மதிப்பிட இந்நெறிகள் இன்றும் உலகெங்கும் உபயோகிக்கப்படுகின்றன.

பெயருக்கு ஒரு கட்டம்

தமிழர் வழக்கில் ஒருவருக்குரிய பெயர் ஒன்றே. அதன் முன்னே தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். குடும்பப் பெயர் என்பது பெரும்பாலோருக்கு இல்லை. ஆனால் பல படிவங்களில் முதற்பெயர், கடைப்பெயர் என இரு கட்டங்கள் உள்ளன. இரண்டும் கட்டாயம், அவற்றுள் ஓரெழுத்தை மட்டும் இட்டால் சில படிவங்கள் ஏற்பதில்லை. ஆறுமுகம் என்பவரின் மகன் முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். அவர் ஓரிடத்தில் "முருகேசன் ஆறுமுகம்" என்றும், மற்றோரிடத்தில் "ஆறுமுகம் முருகேசன்" என்றும், பிறிதோரிடத்தில் "முருகேசன் ஆ" என்றும் பதிவாகிறார். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறிக்கு இவர் மூன்று மனிதர். வைப்பு நிதிக் கணக்கில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒவ்வாவிடில், திருத்தம் முடியும்வரை, அவர் உழைத்துச் சேர்த்த பணம் கைக்கு வருவது தடைப்படக்கூடும்.

இதற்குரிய மாற்று மிக எளிது. முழுப் பெயரையும் எழுத ஒரே கட்டம் போதுமானது. வலையின் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான டபிள்யூ3சி, பெயர் வழக்கங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுவதை எடுத்துக்காட்டி, இயன்றவிடத்து இம்முறையையே பரிந்துரைக்கிறது. பெயர்களை ஒப்பிடும் நிரலும் சொற்கள் முன்பின்னாக நிற்பதையும், முதலெழுத்தின் விரிவையும் கணக்கில் கொள்ளவேண்டும். ஐயம் எழுந்தால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடாது, ஓர் அலுவலரின் பார்வைக்கு அனுப்புதல் வேண்டும்.

சிறிய பொத்தானும் ஃபிட்ஸ் விதியும்

பக்கத்தைத் திறந்தவுடன் ஒரு விளம்பரம் எழுந்து செய்தியை மறைக்கிறது. அதை மூடுவதற்குரிய பெருக்கல் குறி ஒரு மூலையில் கடுகளவே காணப்படுகிறது. ஓடும் ரெயிலில் ஒரு கையால் கம்பியைப் பற்றியவர் மறு கையின் பெருவிரலால் அதைத் தொட முயல்கிறார். விரல் விளம்பரத்தின்மீதே படுகிறது.

இதன் காரணத்தை அமெரிக்க உளவியல் அறிஞர் பால் ஃபிட்ஸ் 1954-ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து கண்டார். ஓர் இலக்கைச் சென்று தொடுவதற்கு ஆகும் நேரம், இலக்கின் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது. தூரம் இருமடங்கானாலும், அகலம் பாதியானாலும், நேரம் ஒரே அளவு அதிகரிக்கிறது. அவசரப்பட்டால் குறி தவறுகிறது. ஆகவே அடிக்கடி வேண்டப்படும் பொத்தான் பெரிதாகவும், விரலுக்கு அருகிலும், பிற பொத்தான்களிலிருந்து விலகியும் இருத்தல் நலம். டபிள்யூ3சி 2023 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறை, தொடுமிடம் பொதுவாகக் குறைந்தது 24-க்கு 24 திரைப் புள்ளிகள் இருக்கவேண்டும் என்று கூறுகிறது.

எழுத்தின் நிறத்துக்கும் இவ்வாறே அளவுகோல் உண்டு. வெண்மைமீது தூய கருமை அளிக்கும் ஒளி வேறுபாடு 21-க்கு 1 ஆகும். சாதாரண எழுத்துக்கு இவ்விகிதம் 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையலாகாது. அழகுக்காக வெண்மைமீது வெளிறிய சாம்பல் நிறத்தில் எழுதப்படும் பக்கங்களிற் பல இவ்வளவை எட்டுவதில்லை. வெயிலில் நிற்பவரும், கண்புரை கண்ட முதியோரும் அவற்றைப் படிக்க இயலாது தவிக்கின்றனர்.

பக்கத்தின் எடை

படங்களும், அசையும் காட்சிகளும், உபயோகிப்பவரைப் பின்தொடரும் மறை நிரல்களும் சேர்ந்து ஒரு பக்கத்தின் எடையை மெகாபைட் கணக்கில் பெருக்கிவிடுகின்றன. ஒரு பக்கம் 3 மெகாபைட் எடையுள்ளது என்று கொள்வோம். ரெயில் செல்லும் வழியில் அலை வலுக்குன்றி, விநாடிக்கு 100 கிலோபிட் வேகமே கிடைக்குமாயின், அப்பக்கம் முழுதும் வந்துசேர ஏறத்தாழ 4 நிமிடங்கள் பிடிக்கும். அதே செய்தியை 100 கிலோபைட்டில் அடக்கினால் 8 விநாடிகள் போதும். மறுமொழிக்காக மனிதன் கவனம் சிதறாது காத்திருப்பது சுமார் 10 விநாடிகள் வரையே என்பது நிபுணர் கண்ட உண்மை. இவ்விரு பக்கங்களுள் ஒன்று அவ்வெல்லைக்குள் அடங்குகிறது; மற்றது அதை வெகுவாகக் கடந்துவிடுகிறது.

தாமதத்தோடு காலக்கெடுவும் சேரும்போது இன்னல் இரட்டிக்கிறது. பாதிப் படிவம் நிரப்பியபின் "நேரம் கடந்துவிட்டது" என்ற அறிவிப்புடன் எழுதியவை யாவும் அழிந்துபோதல் பலரும் அறிந்த அனுபவம். காலக்கெடு இன்றியமையாததாயின், அது முடியுமுன் எச்சரித்து, ஒரே தொடுதலில் நீட்டித்துக்கொள்ள வாய்ப்பளிக்கவேண்டும். ஒரு கட்டத்தில் பிழை நேர்ந்தால் அதை மட்டும் சுட்டிக்காட்டி, ஏனைய கட்டங்களில் எழுதியவற்றைக் காத்து வைத்தல் அவசியம்.

இடமும் மொழியும்

தங்கவயல் கர்நாடகத்தில் உள்ளது; அங்குள்ள பலரின் வீட்டு மொழியோ தமிழ். கைபேசி இருக்கும் இடத்தை அறிந்து மொழியைத் தாமே தீர்மானிக்கும் பக்கங்கள் இதை உணர்வதில்லை. மொழியை உபயோகிப்பவரே தெரிந்துகொள்ளவேண்டும். அப்பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அம்மொழியின் எழுத்திலேயே இருத்தல் வேண்டும். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழின் பெயரை ஆங்கில எழுத்தில் காட்டுவதால் பயனில்லை.

மொழிபெயர்ப்போடு வேலை முடிந்துவிடுவதுமில்லை. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிய பொத்தானில் நீளமான தமிழ்ச் சொல் பாதியில் அறுபடுகிறது. வரிகளுக்கிடையே போதிய இடைவெளி இல்லையெனில் மேல் விலங்கும் கீழ் விலங்கும் மறைந்து, எழுத்தே வேறாகிவிடுகிறது. ஆகவே தமிழைப் பின்னர் ஒட்டவைக்காமல், தொடக்கத்திலிருந்தே அதற்கு இடம் ஒதுக்கிப் பக்கத்தை அமைத்தல் முறையாகும்.

வேண்டுமென்றே விரிக்கப்படும் வலை

இதுவரை கூறியவை கவனக்குறைவால் நேருபவை. வருவோரை ஏமாற்றும் நோக்கத்துடனேயே சில அமைப்புகள் உண்டாக்கப்படுகின்றன. ஹாரி பிரிக்னல் என்பவர் 2010-இல் இவற்றுக்கு "இருண்ட உருக்கள்" என்ற பொருளில் ஒரு பெயரிட்டார். நமது நாட்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ஆம் நாள் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இத்தகைய 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. "இன்னும் இரண்டே மீதம்" என்று பொய்யாக அவசரப்படுத்துதல், கேளாத பொருளையோ நன்கொடையையோ கூடையில் நுழைத்தல், முதலில் குறைந்த விலையைக் காட்டிக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சேர்த்தல், சந்தாவில் சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குதல், வேண்டாம் என்போரை வெட்கமுறச் செய்யும் சொற்களை வைத்தல் முதலியன அவற்றுட் சில. 2025 ஜூன் மாதத்தில், மின்வணிக நிறுவனங்கள் மூன்று மாதங்களுக்குள் தம் தளங்களைத் தாமே தணிக்கை செய்துகொள்ளவேண்டும் என ஆணையம் அறிவுறுத்தியது. இவ்வாறு ஏமாற்றப்பட்டோர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பணம் செலுத்துமுன் பொதுமக்கள் மூன்றைக் கவனித்தல் நன்று. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் ஏதேனும் உள்ளதா, இறுதித் தொகை முதலிற் கண்ட தொகைக்குச் சமமா, விலகும் வழி தெளிவாகக் கூறப்பட்டுள்ளதா என்பனவே அவை.

நம் நாட்டில் காணப்படும் நல்ல மாற்றங்கள்

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் உயிர்ச் சான்று அளிக்கவேண்டும். இதைக் கணிப்பொறி வாயிலாகச் செய்ய 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் திட்டம் தொடங்கியது. ஆயினும் முதுமையாலும், நெடுங்காலக் கைத்தொழிலாலும் விரல் ரேகை தேய்ந்தோருக்குக் கருவி இணங்குவதில்லை. 2021 நவம்பரில் முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் முறையும் சேர்க்கப்பட்டபின், விரல் உதவாதவருக்கு வேறொரு வழி திறந்தது.

எனினும் முகமும் எல்லோருக்கும் உதவிவிடுவதில்லை. திரையின் முன் கண் இமைத்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையால், அமில வீச்சில் முகம் சிதைந்தோர் பாங்கிக் கணக்குத் தொடங்க இயலாமல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், இணையச் சேவைகளை அணுகுதல் அரசியல் சட்டத்தின் 21-ஆம் ஷரத்து அளிக்கும் வாழ்வுரிமையின் ஓர் அங்கமே என்று கூறிய நீதிமன்றம், 20 ஆணைகளைப் பிறப்பித்தது. எந்தச் சேவைக்கும் ஒரே வாயில் இருத்தலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் படிப்பினை.

ரெயில்வே துறையில், முன்பதிவுச் சீட்டுக்கும் முன்பதிவில்லாச் சீட்டுக்கும் வெவ்வேறு செயலிகளும் வெவ்வேறு கடவுச்சொற்களும் வழங்கி வந்தன. 2025 ஜூலை முதல் தேதி வெளியிடப்பட்ட ரெயில்ஒன் செயலி இரண்டையும் ஒரே இடத்தில் இணைத்தது. முன்னரே பதிவு செய்திருந்தோர் பழைய கணக்கைக் கொண்டே அதில் நுழையவும் வழி செய்யப்பட்டது. நினைவிற் கொள்ளவேண்டிய கடவுச்சொல் ஒன்று குறைந்ததும் பிரயாணிகளுக்கு ஒரு சௌகரியமே. அரசாங்க இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் முதன்முதலாக வகுக்கப்பட்டு, 2023-இல் மூன்றாம் பதிப்பாக விரிவாக்கப்பட்டுள்ளன.

ஐவர் போதும்

நெறிகள் எவ்வளவு சிறந்தவையாயினும், பக்கத்தை உபயோகிப்பவர் முன் வைத்துப் பார்த்தாலன்றிக் குறைகள் புலப்படா. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது நீல்சனின் கருத்து. அந்த ஐவரும் அமைப்பாளரின் அலுவலக நண்பர்களாக இருந்தால் பயனில்லை. மாரிகுப்பம் ரெயிலில் வரும் தினக்கூலித் தொழிலாளி, ஓய்வூதியம் பெறும் முதியவர், பழைய கைபேசி வைத்திருக்கும் இல்லத்தரசி, தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருவர், கண்பார்வை குன்றிய ஒருவர் ஆகியோரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். அவர்களுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காமல், ஒரு சீட்டு எடுக்கவோ ஒரு விண்ணப்பம் நிரப்பவோ கூறி, எங்கே தயங்குகின்றனர் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். பக்கத்தைப் பொதுமக்கள் உபயோகத்துக்குத் திறந்துவிடுமுன் அவ்விடங்களைத் திருத்துவது அமைப்பாளரின் கடமையாகும்.