பல குரல் ஓர் இசை

இசையை இரு வகையாகப் பிரித்துக் காணலாம். ஒருவர் பாடப் பலர் கேட்டு இன்புறுவது ஒரு வகை. பலரும் கூடிப் பாட, கேட்போர் என்று தனியே எவரும் இல்லாதிருப்பது மற்றொரு வகை. முன்னதற்கு அரங்கு வேண்டும், பயின்ற குரல் வேண்டும், பக்கவாத்தியம் வேண்டும். பின்னதற்கு வேண்டுவன இரண்டே: ஒரு கூட்டமும், அக்கூட்டத்தின் நாவிற்கு ஏற்ற பாட்டும். மக்களை ஒன்றுகூட்டி இறைவனை நினைக்கச் செய்த சமயங்கள் பலவும் இந்த இரண்டாம் வகை இசையையே பெரிதும் நம்பி வந்திருக்கின்றன.

இவ்வகை இசைக்கு நல்லதோர் எடுத்துக்காட்டு இலங்கையின் கீழைக் கரையில் உண்டு. அம்பாறை மாவட்டத்தின் கடலோரமாக மருதமுனை, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று முஸ்லிம் ஊர்கள் பல அமைந்துள்ளன. இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு முதலிய இந்துத் தமிழ் ஊர்கள் இருக்கின்றன. ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல். மருதமுனையிலோ தறியின் ஓசை. இம்முஸ்லிம்களின் தாய்மொழி தமிழ். வணக்கத்தின் மொழி அறபு. இவ்விரண்டும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இடந்தான் மௌலூது மஜ்லிஸ்.

நபிகள் நாயகம் அவர்கள் பிறந்த றபீஉனில் அவ்வல் மாதத்தில், பிறை ஒன்று முதல் பன்னிரண்டு வரை, பள்ளிவாசல்களிலும் இல்லங்களிலும் மௌலூது ஓதுவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். ‘பாடுதல்’ என்று இதனைச் சொல்வதில்லை. ‘ஓதுதல்’ என்றே சொல்லுவர். தேவாரம் இசைப்பவரை ஓதுவார் என அழைக்கும் தமிழ் மரபை எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் பொருத்தம் விளங்கும். இசை இன்பம் கருதியன்று, புண்ணியம் கருதியே அந்த ஓசை எழுகின்றது என்பதை அச்சொல் உணர்த்துகின்றது.

மௌலூதின் அமைப்பு எளியது, ஆயினும் நுட்பமானது. அதில் உரைநடைப் பகுதிகளும் ‘பைத்து’ எனப்படும் செய்யுட் பகுதிகளும் மாறி மாறி வரும். உரைநடைப் பகுதியை ஒருவர் ஓத, ஏனையோர் கேட்டிருப்பர். பைத்து தொடங்கியதும் கூட்டத்தின் நிலை மாறிவிடுகின்றது. முன்னிருந்து நடத்துபவர் ‘ஜவாபு’ எனப்படும் மறுமொழி அடியை முதலில் எடுத்துக் கொடுப்பார். அதனை அனைவரும் திருப்பிச் சொல்லுவர். பின்னர் அவர் ஓர் அடியை ஓதும்போதெல்லாம் கூட்டம் ஜவாபினால் விடையளிக்கும். நூல் முழுவதும் மனனமானவர் சிலரே இருக்கலாம். ஆனால் ஜவாபை ஒருமுறை கேட்ட சிறுவனும் மறுமுறை அதனைச் சொல்ல வல்லவனாகின்றான். கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் ஒரே அவையில் இடமளிக்கும் கதவு இந்த ஓரடியேயாம்.

இங்கே இசைக்கருவி எதுவும் இல்லை. தாளம் எங்கிருந்து வருகின்றது? செய்யுளின் உள்ளிருந்தே வருகின்றது. எட்டாம் நூற்றாண்டில் பஸறா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் என்னும் அறிஞர் அறபுச் செய்யுளின் ஓசை அளவுகளை வகுத்து இலக்கணமாக்கினார். அவ்வளவுகளுள் ஒன்று ‘பஸீத்’ என்பது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த இமாம் பூஸிரீ இயற்றிய புர்தா என்னும் புகழ்ப்பா இவ்வளவில் அமைந்ததே. ‘முஸ்தஃப்இலுன், ஃபாஇலுன்’ என்பது அதன் வாய்பாடு. நெடிது நெடிது குறிது நெடிது என்பது முதற் சீர்; நெடிது குறிது நெடிது என்பது அடுத்த சீர். சிறுசிறு வேறுபாடுகளோடு இந்நடையே பத்துப் பிரிவுகளிலும், ஏறத்தாழ நூற்றறுபது செய்யுள்களிலும் தொடர்கின்றது. ஓசை மாறாமையால், ஒரு மெட்டு எல்லாச் செய்யுளுக்கும் பொருந்தும். ஒரு செய்யுள் பல மெட்டுக்கும் இடங்கொடுக்கும். களைத்த கூட்டத்தைக் கண்ட தலைவர் பிரிவு மாறும் இடத்தில் மெட்டையும் மாற்றி, அயர்ந்த குரல்களை மீண்டும் எழுப்புவது இதனாற்றான் இயலுகின்றது.

தமிழ்ச் செவிக்கு இந்த ஓசை அயலானதன்று. குறில், நெடில், ஒற்று ஆகியவற்றின் அளவறிந்து சந்தம் அமைக்கும் முறை தமிழில் பழமையானது. தொல்காப்பியம் இருபது வண்ணங்களைக் கூறுகின்றது. பிற்காலத்தில் அருணகிரிநாதர் திருப்புகழில் அச்சந்தங்களைப் பெருக்கிக் காட்டினார். அவ்வழியைப் பின்பற்றிக் காயல்பட்டினத்துக் காசிம் புலவர் நபிகள் நாயகத்தின் மீது திருப்புகழ் பாடினார். சொல் தமிழ், சந்தம் தமிழ், பொருள் இஸ்லாம். அறபுப் பைத்தில் தோய்ந்த செவியும் தமிழ்ச் சந்தத்தில் தோய்ந்த செவியும் ஒரே மக்களிடத்தில் இருந்தமையால், மாலை, முனாஜாத்து, கிஸ்ஸா, நாமா என்று பலவகைப் பாடல்கள் தோன்றின. முனாஜாத்து என்பது இறைவனிடம் மன்றாடும் பாடல். இவற்றுட் பல அறபுத்தமிழ் எழுத்தில், அதாவது தமிழ் மொழியை அறபு எழுத்தால் எழுதும் முறையில் வழங்கின. தமிழ் எழுத்து அறியாது குர்ஆன் ஓத மட்டும் கற்ற பெண்களும் இவற்றை வாசிக்க அம்முறை வழிசெய்தது.

கூட்டத்திற்காகப் பாட்டு இயற்றுபவர் யாராக இருத்தல் வேண்டும் என்னும் வினாவுக்கு வரலாறு ஒரு விடை தருகின்றது. காயல்பட்டினத்திற் பிறந்து கீழக்கரையில் அடங்கிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் (1632–1703) முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களைப் புகழ்ந்து குத்பிய்யா என்னும் பைத்தை இயற்றினார்கள். முன்னரே புகழ்பெற்றிருந்த வித்ரிய்யா என்னும் நூலுக்குத் ‘தக்மீஸ்’ செய்தார்கள். பழைய செய்யுளின் ஈரடியோடு புதிதாக மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்குவது தக்மீஸ். பழகிய பாட்டின் ஓசைக்குள் புதிய பாட்டை வைத்துத் தரும் இம்முறையால், கூட்டம் தடுமாறாமல் புதியதைக் கைக்கொள்ளுகின்றது. பிற்காலத்தில் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) இலங்கைக்கு வந்து சென்று, இந்நாட்டின் பழம்பெயரைத் தாங்கிய ‘மின்ஹத்து ஸரந்தீப்’ என்னும் மௌலூதை இயற்றினார்கள். இவ்விருவரும் தனியறையிலிருந்து கவிதை புனைந்தவர்கள் அல்லர். மக்களுக்குக் கற்பித்து வழிநடத்திய ஆசிரியர்கள்.

அயற் சமயத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். கல்முனையில் மெதடிஸ்த சபையின் தொண்டு நெடுநாளாக உண்டு. அச்சபையின் தொடக்க காலத்தில் சார்ல்ஸ் வெஸ்லி (1707–1788) ஆறாயிரத்திற்கும் மேற்பட்ட துதிப்பாடல்களை எழுதினார். ஊர் ஊராகச் சென்று மக்கள் நடுவே உரையாற்றிய போதகர் அவர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பள்ளி ஆசிரியராக இருந்தவர். தாமே குழுவோடு பாடிக் காட்டியவர். பல்லவியைச் சபை பாடச் சரணத்தைத் தலைவர் பாடும் கீர்த்தனை முறையும், ஜவாபைக் கூட்டம் சொல்ல பைத்தைத் தலைவர் ஓதும் முறையும் ஒன்றுக்கொன்று உறவுடையனவே. கூட்டத்தின் மூச்சு எவ்விடத்தில் முடிகின்றது, குரல் எவ்வளவு உயரத்திற்கு மேல் எழாது, எந்தச் சொல்லில் நா இடறுகின்றது என்பவற்றை நூலிலிருந்து கற்றுக்கொள்ள இயலாது. ஆண்டுக்கணக்காக முன்னிருந்து ஓதியவரே அவற்றை அறிவார். ஆகையால் முதுமையால் தலைமையிலிருந்து ஓய்ந்த ஒருவர், புதிய பாட்டு இயற்றுவதற்கு மிகத் தகுதியானவர். அவருடைய குரல் தளர்ந்திருக்கலாம். அவருடைய செவியிலோ ஒரு தலைமுறைக் கூட்டத்தின் குரல் நிறைந்திருக்கின்றது.

பள்ளிவாசலுக்குள் கருவியின்றி ஒலிக்கும் இவ்வோசைக்கு வெளியே, கருவியோடு ஒலிக்கும் மற்றொன்றும் இக்கரையில் உண்டு. கல்முனைக்குடியிலுள்ள கடற்கரைப் பள்ளி, நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக எழுந்தது. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்குக் கொடியேற்றப்பட்டு விழா நடைபெறும். றிபாயீ தரீக்காவைச் சார்ந்த பாவாமார் றபான் தட்டிப் பைத்து ஓதி ராத்திபு நிகழ்த்துவர். நோன்பு மாதத்தின் பின்னிரவில் றபான் ஒலியோடு தெருவழியே சென்று, சஹர் உணவுக்கு மக்களை எழுப்பியவர்களும் இப்பாவாமாரே. இவ்வாறு பள்ளியும் தெருவும் கடற்கரையும் ஆண்டின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஓசை பெற்றன.

இம்மரபு இன்று மூன்று வகைச் சோதனைகளை எதிர்கொண்டுள்ளது. முதலாவது, மார்க்க நோக்கிலான கருத்து வேறுபாடு. மௌலூதும் கந்தூரியும் நபிவழியில் இல்லாத பிற்சேர்க்கைகள் எனக் கருதி அவற்றைத் தவிர்ப்போர் தொகை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பெருகியுள்ளது. நபிநேசத்தின் வெளிப்பாடே இஃது எனக் கொண்டு தொடர்ந்து ஓதுவோரும் பலர். அவ்வழக்கைத் தீர்ப்பது ஆலிம்களின் பணி. ஆயினும், ஓதாதவரும் அறிந்துகொள்ளத்தக்க தமிழ்ச் செல்வம் இதில் அடங்கியிருக்கின்றது என்பதை எவரும் மறுத்தற்கில்லை.

இரண்டாவது சோதனை, வானொலியோடு தொடங்கியது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி வீடுதோறும் இஸ்லாமியப் பாடலைக் கொண்டு சேர்த்தது. நாகூர் இ. எம். ஹனீபா (1925–2015) அவர்களின் கம்பீரமான குரலைக் கேளாத முஸ்லிம் இல்லம் அரிது எனலாம். பின்னர் ஒலிநாடா வந்தது; கைத்தொலைபேசியும் வந்தது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. எனினும், கேட்கும் செவி வளர வளர, ஓதும் நா தளர்ந்தது. சிறந்த குரலைக் கேட்டுப் பழகியவன் தன் குரலைக் குறித்து நாணுகின்றான். கூட்டு ஓதுதலிலோ நாணத்திற்கு இடமில்லை. தனிக்குரலின் குறையைப் பல குரலின் நிறைவு மறைத்துவிடும்.

மூன்றாவது, மனிதரோடு மறைந்துபோகும் மெட்டு. மௌலூது நூல்கள் அச்சில் உள்ளன. மெட்டுகள் அச்சில் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. நெஞ்சில் மட்டும் வாழும் கலை எத்துணை நிலையற்றது என்பதைக் கடலோர மக்களுக்குச் சொல்லித் தரவேண்டுவதில்லை. நாட்டார் கவியின் நிலையும் இதுவே. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் முயன்று திரட்டியமையால் முஸ்லிம் மக்களின் கவிகள் பல ஏட்டில் ஏறின.

சொல் பிழைத்தும் இசை மறைந்துபோவதற்குத் தமிழிலேயே பெருஞ்சான்று உண்டு. சிலப்பதிகாரத்தின் சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அதன் யாழும் பண்ணும் வழக்கிழந்தன. அவற்றை மீட்டெடுக்கக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு கணக்கிட்டு உழைத்து யாழ் நூலை ஆக்கினார். அது 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. அவ்வாண்டே அடிகளார் மறைந்தார். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே உள்ளது அடிகளார் பிறந்த ஊர். வழக்கில் இருக்கும்போது ஒரு சிறுவன் ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளும் மெட்டை, வழக்கிழந்த பின் மீட்க ஓர் அறிஞரின் வாழ்நாள் செலவாகின்றது.

ஆதலின் செய்யத்தக்கது அரியதோர் காரியமன்று. முதியோர் ஓதும் மெட்டுகளை இன்றே ஒலிப்பதிவு செய்து, இன்ன ஊர், இன்ன பைத்து எனக் குறித்து வைத்தல் ஒன்று. ஓய்வுபெற்ற தலைவர்களை அழைத்து, இக்கால இளைஞர் பொருளுணர்ந்து ஓதத்தக்க தமிழ் முனாஜாத்துகளை இயற்றச் செய்தல் மற்றொன்று. அப்பாடல்களுக்கு அடி குறுகியதாக, ஜவாபு தெளிவாக, ஓசை பழகியதாக இருத்தல் வேண்டும். இவ்விரண்டினும் முதன்மையானது, முன்வரிசைக்குப் பின்னே சிறுவர்களை அமர்த்துதல். ஒலிப்பேழை மெட்டைக் காக்கும்; கூட்டத்தைக் காக்காது. தலைவர் ஓரடியை எடுத்துக் கொடுக்கும்போது, விடை சொல்ல அங்கே இளங்குரல்கள் இருத்தல் வேண்டும். ஜவாபு இல்லாத பைத்து பாதிப் பைத்தே.