தடுப்பணை வேலையில் இடரும் இலக்கும்

ஓடையின் குறுக்கே தடுப்பணை கட்ட மதிப்பீடு தயாரிக்கும்போது சிமெண்டு, கம்பி, ஜல்லி ஆகிய அனைத்தையும் கணக்கிடுகிறோம், மழையைக் கணக்கிடுவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பது யாவரும் அறிந்ததே. எனினும் ‘வேலையை விரைந்து முடிக்க வேண்டியது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு அமைதியடைகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் அவ்வாறே எழுதிய ஒரு வேலையில், அடித்தளக் குழி திறந்து கிடக்கையிலேயே வெள்ளம் வந்துவிட்டது. ஓரிரவில் குழி மணலால் தூர்ந்தது. அவ்வாண்டு ஓடை நீர் முழுவதும் வீணே ஓடிற்று. கிணற்றுப் பாசனத்தை நம்பிய உழவர்களுக்கு விடை கூற எங்களால் இயலவில்லை.

அதன்பின் இலக்குகளை அளவோடு வகுத்தோம். ஜூலை 31-க்குள் அடித்தளம் படுகைமட்டத்திற்கு மேல் எழ வேண்டும். இதற்கு ஓவர்சியர் பொறுப்பு. கான்கிரீட்டிற்குக் குறைந்தது 7 நாள் நீர்விட வேண்டும். இதனை ஊராட்சிச் செயலர் நாள்தோறும் ஏட்டில் குறிப்பார். கான்கிரீட்டின் வலிமை 28-ஆம் நாளில் சோதிக்கப்படுவதால், கடைசிக் கலவை ஆகஸ்டு மாதத்தைத் தாண்டலாகாது.

இவற்றுள் எங்களுக்குப் பெரிதும் உதவியது வேறோர் எண்: குழி திறந்து கிடக்கும் நாள்கள் 10-க்கு மிகலாகாது. ஆதலின் சிமெண்டு கிடங்கிற்கு வந்து சேராமல் எவரும் மண்வெட்டியைத் தொடுவதில்லை. தாமதத்தை மறையாது உரைத்தவருக்கு மெமோ கொடுக்கும் வழக்கத்தையும் கைவிட்டோம். மெமோவுக்கு அஞ்சியே முன்பு பலர் வாய் திறக்கவில்லை. இப்போது 8-ஆம் நாளே செய்தி வந்துவிடுகிறது. 11-ஆம் நாளும் குழி நிரம்பவில்லையெனில் நாங்களே அவ்விடம் செல்கிறோம்.