ராக்மானினாஃப் மூன்று: ஒரே கை, நாலு ரெக்கார்டிங்

ராக்மானினாஃபின் மூன்றாவது பியானோ கன்செர்ட்டோவை ஹோரோவிட்ஸ் வாசித்ததில் 1930 ரெக்கார்டிங்தான் உசத்தி என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்ன விறுவிறுப்பு!" என்பேன். இந்த மாதம் நாலு ரெக்கார்டிங்கை வரிசையாகக் கேட்டேன். நான் விறுவிறுப்பு என்று நினைத்ததில் ஒரு பங்கு வெறும் வெட்டு.

1909 நவம்பரில் நியூயார்க்கில் அரங்கேறிய படைப்பு இது. அமெரிக்காவுக்குப் போகும் கப்பலில், சத்தமே வராத ஒரு கீபோர்டில் ராக்மானினாஃப் சாதகம் செய்தார். முழுசாக வாசித்தால் சுமார் 40 நிமிடம். 78 ஆர்.பி.எம். தட்டின் பெரிய சைஸில்கூட ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். கீர்த்தனைகளை மூணு நிமிடத்துக்குள் அடக்கிப் பாட வைத்ததும் இந்தத் தட்டுதான். ஆனால் பழியைத் தட்டின்மேல் மட்டும் போட முடியாது. 1939-40இல் ஆர்மண்டியோடு பதிவு செய்தபோது ராக்மானினாஃபே சில இடங்களை விட்டுவிட்டுத்தான் வாசித்தார்.

ஹோரோவிட்ஸின் நாலு: 1930இல் ஆல்பர்ட் கோட்ஸ், 1951இல் ஃபிரிட்ஸ் ரைனர், 1978 ஜனவரியில் அதே ஆர்மண்டி, செப்டம்பரில் நம்ம பம்பாய்க்காரர் ஜுபின் மேத்தா. முதல் இரண்டிலும் வெட்டு உண்டு. 1978இல் விட்ட இடங்கள் திரும்பி வந்துவிட்டன. அதனால் மொத்த நிமிடத்தை வைத்து எது வேகம் என்று சொல்வது தப்பு.

பிறகு கடென்ஸா. முதல் பகுதிக்கு இரண்டு எழுதியிருக்கிறார். ஹோரோவிட்ஸ் வாசிப்பது லேசானது. 1958இல் வான் கிளைபர்ன் வாசித்தது கனமானது. அங்கேயும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.

எங்கே ஒப்பிடலாம்? ஆரம்ப மெட்டில். இரண்டு கையும் ஒரு ஸ்தாயி தள்ளி ஒரே மெட்டை வாசிக்கும். வித்தை காட்ட இடமில்லை, வெட்டும் கிடையாது. 1930இல் 27 வயசு ஹோரோவிட்ஸ் அதை நிற்காமல் நடத்திக்கொண்டு போகிறார். 74 வயசில் அங்கங்கே நின்று திரும்பிப் பார்க்கிறார்.

என் காதையும் சந்தேகப்பட வேண்டியிருந்தது. திருவொற்றியூரில் ராத்திரி முழுக்க எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி ஓடும். பழைய தட்டில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி குறைவு; லாரிக்கு நடுவிலும் எல்லாம் கேட்கும். பின்னால் வந்த பதிவுகளில் மெல்லிய இடங்கள் அந்த இரைச்சலில் முங்கிப்போகும். 1930க்கு நான் கொடுத்த மார்க்கில் லாரிக்கும் பங்கு உண்டு. இந்தத் தடவை ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டேன்.

தீர்ப்பு? ஆரம்ப மெட்டுக்கு இன்னமும் 1930தான். மூணாம் பகுதியின் நடுவே முதல் பகுதியின் மெட்டுகள் திரும்பி வரும். வெட்டு அதிகம் விழுவதும் இந்த மூணாம் பகுதியில்தான். அதை முழுசாகக் கேட்க மேத்தாவோடு வாசித்ததைப் போடுங்க. அங்கங்கே விரல் தடுமாறும், பரவாயில்லை.